பினாங்குக்கு மாறி ஆறு மாசம் ஆச்சு, தைப்பூசம் தவிர இந்தத் தீவுல நமக்கு வேற என்ன இருக்கு?

சிரம்பான்_மருமக:
எல்லாருக்கும் வணக்கம், பசியாறியாச்சா. நாங்க சிரம்பான்காரங்க, வீட்டுக்காரருக்கு பாயான் லெப்பாஸ் பேக்டரிக்கு மாத்தல் ஆனதால போன ஜூலையில பாயான் பாருக்கு வந்துட்டோம். 14வது மாடி. சிரம்பான்ல தாமான்ல (வரிசை வீட்டுக் குடியிருப்புல) இருந்தப்ப எதிர்வீட்டுல மீன் பொரிச்சா எங்க வீட்டுக்கு ரெண்டு துண்டு வரும், இங்க ஆறு மாசத்துல எனக்கு நல்லாத் தெரிஞ்சது லிப்ட் பட்டன் மட்டும்தான். புள்ளைங்க ரெண்டு பேர், 9 வயசு 6 வயசு, அதோட மாமியார், அவங்களுக்கு 71, முட்டிவலி.

கேக்க வந்தது என்னன்னா, தைப்பூசம் இந்த வருஷம் (2026) பிப்ரவரி 1, ஞாயித்துக்கிழமை. மாமியார் ஆயுசு முழுக்க பத்துமலை பாத்தவங்க, இப்ப தண்ணீர்மலை முருகனப் பாக்கணும், வெள்ளித்தேர் பாக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறாங்க (அந்த ஒரு காலும் வலிக்குதுன்னு வேற சொல்றாங்க). தங்கத்தேரும் இருக்காமே, எதுக்குப் போறது, எங்க நின்னா அவங்களுக்கு வசதி? அப்புறம் தைப்பூசம் முடிஞ்சா வருஷம் முழுக்க இங்க என்னதான் நடக்கும், கூகுள்ல தேடினா சுவர் ஓவியம், சார் குவே தியோவ்னு நூடுல்ஸ், மறுபடி சுவர் ஓவியம். வெள்ளிக்கிழமை தவறாம கோயிலுக்குப் போறேன், எல்லாரும் சிரிக்கிறாங்க, வாங்கன்றாங்க, அதோட சரி. எல்லாருக்கும் எல்லாரையும் பொறந்ததுல இருந்தே தெரியுது போல, நான் எங்க போய் ஒட்டிக்கிறதுன்னு தெரியல.

கடைத்தெருப்பையன்:
வாங்க தங்கச்சி. பேருலதான் பையன், வயசு 58. மார்க்கெட் ஸ்ட்ரீட்டதான் நாங்க கடைத்தெருன்னு சொல்லுவோம், பொறந்து வளர்ந்தது எல்லாம் அங்கதான்.

தேர் விஷயம் முதல்ல. வெள்ளித்தேர் நாட்டுக்கோட்டை செட்டியாருங்களோடது, காரைக்குடியில செஞ்சு கப்பல்ல 1894ல வந்தது. தைப்பூசத்துக்கு முதல் நாள் விடியக்காலையில பினாங்கு ஸ்ட்ரீட்ல இருக்கிற கோயில் வீட்டுல இருந்து கிளம்பும், ராத்திரிக்குதான் வாட்டர்பால் ரோட்டு செட்டியார் கோயில் போய்ச் சேரும். தூரம் ஒண்ணும் பெருசு இல்ல, வழியெல்லாம் அர்ச்சனைத் தட்டு வாங்கணும், தேங்கா ஒடைக்கிறத நின்னு பாக்கணும், அதான் ஒரு நாள் பூரா ஆகுது. தங்கத்தேர் 2017ல வந்தது, அதுல வேல் போகும், குயின் ஸ்ட்ரீட் மகா மாரியம்மன் கோயில்ல இருந்து மலைக்கோயிலுக்கு. அந்தக் கோயில் 1833ல கட்டினது, பினாங்குலயே பழைய இந்துக் கோயில் அதுதான்.

எதுக்குப் போறதுன்னு பொதுவுல கேட்டுடாதீங்க. 2017ல தங்கத்தேர் வந்தப்ப எங்க வீட்டுலயே அண்ணன் தம்பி ரெண்டு நாள் பேசிக்கல. எங்கம்மாதான் ரெண்டு தட்டு வாங்கியாந்து ரெண்டு தேருக்கும் ஒவ்வொண்ணு குடுத்துட்டு, சாமிக்கு என்னடா கட்சின்னு திட்டினாங்க. இன்னிக்கும் எங்க வீட்டுல அதான் வழக்கம்.

மாமியார வாட்டர்பால் ரோட்டுக்கு மட்டும் கூட்டிட்டுப் போய் நிறுத்தாதீங்க, தேர் வர்ற நேரத்துல அங்க முதுகைத்தான் பாக்கலாம். எல்லாரும் பண்ற தப்பு அது. ஜனவரி 31 சனிக்கிழமை இருட்டோட கிளம்பி டவுனுக்கே வந்துடுங்க. பினாங்கு ஸ்ட்ரீட் குறுகலான ரோடு, தேர் கைக்கெட்டுற தூரத்துல போகும், அஞ்சடியில, அதான் கடைங்க முன்னாடி இருக்கிற கூரை போட்ட நடைபாதையில, ஒரு மடக்கு நாக்காலி போட்டு உக்கார வச்சா வெயிலும் படாது. மாடு பூட்டின தேர், புள்ளைங்களுக்கு அதுவே பெரிய வேடிக்கை. தேருக்கு முன்னாடி செட்டியாருங்க மயிலிறகு வச்ச காவடி தூக்கி ஆடிட்டு வருவாங்க, அலகு கிலகு ஒண்ணும் இருக்காது, ஆனா அந்த ஆட்டத்துல ஒரு நடை இருக்கு, அத அவசியம் பாருங்க. உங்க மாமியார் பத்துமலையில பாத்த காவடி வேற, இது வேற.

மலைக்கோயில் படி 513. முட்டிவலிக்காரங்களுக்கு அடிவாரப் புள்ளையார் போதும், அங்க இருந்தே கையெடுத்துக் கும்பிடட்டும், முருகன் கோவிச்சுக்க மாட்டான். முடிஞ்சா தைப்பூசம் முடிஞ்சு பத்து நாள் கழிச்சு சாதா நாள்ல புள்ளைங்கள மட்டும் படி ஏத்துங்க, கோயில் உங்களுக்கே உங்களுக்குன்னு இருக்கும், மேல இருந்து பாத்தா டவுனும் கடலும் தெரியும்.

இன்னொண்ணு, தேங்கா ஒடைக்கிற இடத்துல குவியல் பக்கத்துல நிக்காதீங்க. சீனவங்க லாரியில கொண்டாந்து கொட்டி ஒடைப்பாங்க, ஓடு தெறிக்கும், ரோடெல்லாம் தண்ணி வழுக்கும். புள்ளைங்களுக்கு சிலிப்பர் வேணாம், சப்பாத்து.

சொன்னா_கோவம்_வரும்:
அண்ணே எல்லாம் சரி, ஆனா யாரும் சொல்லாத ஒண்ண நான் சொல்லிடுறேன். தைப்பூசம்னா புதுசா வர்றவங்க காதுல பஞ்சு வச்சுட்டு வரணும். ஜாலான் உத்தாமால வரிசையா தண்ணீர்ப் பந்தல், ஒவ்வொண்ணுலயும் ஆளு உசரத்துக்கு ஸ்பீக்கர், ஒரு பந்தல்ல முருகன் பாட்டு, அடுத்த பந்தல்ல குத்துப்பாட்டு, நடுவுல அலகு குத்திட்டு வர்ற மனுஷன் எந்தத் தாளத்துக்கு ஆடுவான்? பக்தர் தாகம் தீர்க்கத்தானே பந்தல், அது எங்கயோ போயிடுச்சு. சோத்த வாங்கி ரெண்டு வாய் தின்னுட்டு சாக்கடையில போட்டுட்டுப் போறாங்க. தேங்காயக் கொறைங்கன்னு பினாங்கு பயனீட்டாளர் சங்கம் எத்தன வருஷமா கத்துது, கேட்டாங்களா? சங்கத் தலைவர் முகமது இத்ரீஸ் ஐயா 2019ல போய்ச் சேர்ற வரைக்கும் சொல்லிட்டே இருந்தாரு, ரெண்டு ஒடைச்சாலும் வேண்டுதல்தான், ரெண்டாயிரம் ஒடைச்சாலும் வேண்டுதல்தான்.

கடைத்தெருப்பையன்:
ஸ்பீக்கர் விஷயத்துல நானும் உங்க கட்சிதான் தம்பி. தேங்கா விஷயத்துல ஒத்துக்க மாட்டேன். ஒரு சீனக் கெழவி வருஷா வருஷம் டத்தோ கிராமாட் ரோட்டுல 9 தேங்கா கொண்டாந்து ஒடைப்பாங்க, என்னிக்கோ அவங்க மகனுக்கு ஒடம்பு சரியில்லாம இருந்தப்ப வேண்டிக்கிட்டதாம். நமக்கு அவங்க பாஷை தெரியாது, அவங்களுக்கு நம்ம பாஷை தெரியாது, ஆனா தேர் வர்றப்ப நாக்காலி நகத்தி எங்கம்மாவுக்கு இடம் விடுவாங்க. அவங்ககிட்ட போய் ரெண்டு போதும்னு நான் எப்படி சொல்றது?

சொன்னா_கோவம்_வரும்:
9 தேங்காய யாரு அண்ணே கேட்டா, நான் லாரியச் சொன்னேன் லா.

கடலோரம்_பஹாங்:
ரெண்டு பேரும் தைப்பூசத்துலயே நின்னுட்டீங்க, அக்கா கேட்டது வருஷம் பூரா என்ன இருக்குன்னு. அக்கா, நான் தெலுக் பஹாங். பினாங்குல எத விட்டாலும் மாசி மகத்த விட்டுடாதீங்க. எங்க ஊரு சிங்கமுகக் காளியம்மன் கோயில் தெப்பத் திருவிழா, தைப்பூசம் முடிஞ்சு அடுத்த பௌர்ணமி சமயத்துல வரும், அப்படின்னா இந்த வருஷம் மார்ச் ஆரம்பத்துல. பொழுது சாஞ்சதும் அம்மன தெப்பத்துல ஏத்தி கடலுக்குள்ள கொண்டு போவாங்க, கரையில நிக்கிற ஆளுங்க பூவும் வெளக்கும் வச்சு தண்ணியில விடுவாங்க. அந்த நேரத்துல கரையில கரெண்ட் வெளிச்சத்த விட கடல்ல இருக்கிற வெளிச்சம்தான் ஜாஸ்தியாத் தெரியும். சின்ன வயசுல எங்கப்பா தோள்ல உக்காந்து பாத்தது, அப்பா போட்டுக்காரரு, அன்னிக்கு அவரு வலை எடுக்க மாட்டாரு, போட்டக் கழுவி மாலை போட்டு வச்சிருப்பாரு.

தைப்பூசக் கூட்டத்துல பாதிகூட இருக்காது, பாய் விரிச்சு மணல்ல உக்காரலாம், முட்டிவலி அம்மாவுக்கு இதுதான் தோது. காடியில (கார்ல) வராதீங்க, பத்து பெரிங்கி வளைவுல மாட்டினா ரெண்டு மணி நேரம் போயிடும், டவுன்ல இருந்து 101 பஸ் தெலுக் பஹாங் வரைக்கும் வரும். திரும்பிப் போறப்ப பஸ்ல நெரிசலா இருக்கும், கொஞ்சம் பொறுத்து ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு ஏறுங்க.

சூலியா_பாய்:
அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம் சிஸ்டர். நம்மள விட்டுட்டு பினாங்கு கதை பேசினா எப்படி? தமிழ்னா கோயில் மட்டும் இல்லையே. எங்க முப்பாட்டன் நாகூர்ப் பக்கம் இருந்து கப்பல் ஏறி வந்தவரு. சூலியா ஸ்ட்ரீட்ல நாகூர் தர்கா இருக்கு பாருங்க, நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டகை பேருல கட்டினது, 1800கள் ஆரம்பத்துல இருந்து நிக்குது. கந்தூரி விழா சமயத்துல கொடியேத்துவாங்க, ஊருல நடக்கிற மாதிரியே. கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் 1801, அதக் கட்டினதும் காதர் மைதீன்னு நம்ம ஆளுதான். பள்ளிவாசல்ல இருந்து மாரியம்மன் கோயிலுக்கு நடக்கிற தூரம், அதே ரோட்டுல இந்தப் பக்கம் சீனக் கோயில், இன்னும் கொஞ்சம் தள்ளினா சர்ச். புள்ளைங்களக் கூட்டிட்டு ஒரு ஞாயித்துக்கிழமை காலையில, வெயில் ஏர்றதுக்கு முன்னாடி அந்த ரோட்ட நடந்தே காட்டுங்க, யாரும் வெளக்கம் சொல்லத் தேவையில்ல.

அப்புறம் நாசி கண்டார். கூகுள் காட்டுற கடையில வரிசைல நிக்காதீங்க. காவடி மாதிரி கம்புல ரெண்டு பக்கமும் சோறும் கறியும் தொங்கவிட்டு எங்க ஆளுங்க தெருத்தெருவா வித்ததுதான் அந்த சாப்பாடு, கண்டார்னா அந்தக் கம்புதான். உங்க பாயான் பாருலயே ஏதாவது ஒரு மாமாக் கடையில 'குவா ச்சம்பூர்'னு சொல்லி வாங்குங்க, எல்லாக் குழம்பையும் கலந்து ஊத்துவாங்க, கடைக்காரரு ஊரைக் கேளுங்க, ராமநாதபுரம்னு சொன்னாருன்னா அரை மணி நேரம் பேச்சு ஓடும். லிப்ட் பட்டன விட நல்ல சிநேகிதம்.

சீனவங்க சங்கதியும் சேத்துக்கோங்க, அதுவும் நம்மளுதுதான். சீனப் பெருநாள் எட்டாவது நாள் ராத்திரி வெல்ட் குவே பக்கம் சியூ ஜெட்டிக்குப் போங்க, மரத்தூண் மேல கடல்ல கட்டின வீடுங்க, ஒன்பதாம் நாள் பொறக்குறப்ப வான சாமிக்கு நீள மேசை போட்டு கரும்பு கட்டி கும்பிடுவாங்க. கரும்பப் பாத்ததும் எங்க பக்கத்து வீட்டு அக்கா, இது பொங்கல் லான்னுட்டாங்க. பதினஞ்சாம் நாள் சாப் கோ மே, எஸ்பிளனேட் கடலோரத்துல பொண்ணுங்க ஆரஞ்சுப்பழம் எறிவாங்க, நல்ல மாப்பிள்ள கிடைக்கணும்னு. இதுல ஒரு வேடிக்கை இருக்கு, அதுவும் பௌர்ணமிக் கணக்குதான், அதனால ஒரு வருஷம் தைப்பூசத்தோட ஒட்டி வரும், ஒரு வருஷம் மாசி மகத்தோட. போன வருஷம் தைப்பூசம் பிப்ரவரி 11, மறுநாளே சாப் கோ மே. இந்த வருஷம் மார்ச் 3. ஒரே நிலாவுக்கு இந்தக் கடல்ல ஒரு மூலையில ஆரஞ்சு, இன்னொரு மூலையில வெளக்கு.

ஜூலை 7 ஜார்ஜ் டவுனுக்கு யுனெஸ்கோ பட்டம் கிடைச்ச நாள், 2008ல. பினாங்குல அன்னிக்கு லீவு, அத ஒட்டி பழைய தெருக்கள்ல ஆட்டம் பாட்டம், கைத்தொழில் காட்டுறது எல்லாம் இருக்கும், புள்ளைங்களுக்கு நல்லா இருக்கும். போன வருஷம் நீங்க சாமான் பிரிச்சிட்டு இருந்திருப்பீங்க, தவறிப் போச்சு.

சிரம்பான்_மருமக:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ஒக்காந்து நோட்டுல எழுதிக்கிட்டேன். மாமியார்கிட்ட படிச்சுக் காட்டினேன், அவங்களுக்கு சாப் கோ மேல ஆரஞ்சு எறியணுமாம், எதுக்கும்மான்னு கேட்டா உங்க மாமனாரே திரும்ப வேணாம்னு வேண்டிக்கத்தான்றாங்க.

ஆனா கடைசியாக் கேட்டதுக்கு யாரும் பதில் சொல்லல. இதெல்லாம் போய்ப் பாக்குறது. பாத்துட்டு மறுபடி 14வது மாடிக்குதானே வரணும். சேர்றது எப்படி?

பந்தல்_அக்கா:
நான் ரொம்ப எழுத மாட்டேன், இதுக்கு மட்டும் எழுதுறேன். நான் ஈப்போவுல இருந்து கட்டிக்கிட்டு வந்தவ, 22 வருஷம் முன்னாடி. உங்கள மாதிரியே ஒரு வருஷம் கோயில் தூணோட தூணா நின்னேன். பினாங்கு ஆளுங்க கெட்டவங்க இல்ல, ஆனா இங்க ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வேலை இருக்கு, அந்த வேலைதான் அவங்க அடையாளம். இவங்க மோர் பந்தல், அவங்க மாலை கட்டுறவங்க, அந்த வீட்டு அண்ணே தேருக்கு வயர் தூக்குறவரு, தேர் மேல மின்கம்பி தட்டாம இருக்க கம்ப வச்சு ஒசத்திப் புடிப்பாரு, அவருக்கு முன்னாடி அவங்கப்பா. வேலை இல்லாம வந்து நின்னா விருந்தாளி, விருந்தாளிகிட்ட சிரிக்கத்தான் செய்வாங்க. எனக்கு அது புரியவே ஒரு வருஷம் ஆச்சு. ஒரு தைப்பூசத்துக்கு எங்க மாமியார் பந்தல்ல வெங்காயம் உரிக்க ஆள் வரல, நான் உக்காந்தேன். 50 கிலோ. அழுதுட்டே உரிச்சேன், வெங்காயத்துக்குன்னு நெனச்சிட்டாங்க. மறுநாள் எல்லாருக்கும் என் பேரு தெரிஞ்சிருந்துச்சு.

அதனால சும்மா சொல்லல, எங்க பந்தலுக்கு வாங்க. ஜாலான் உத்தாமா ஓரத்துல போடுறோம், மோர், நாசி லெமாக் (தேங்காப்பால் சோறு), சுண்டல், அவ்வளவுதான். மேல கோவப்பட்ட தம்பிக்கும் சேத்து சொல்றேன், எங்ககிட்ட ஸ்பீக்கர் கிடையாது, போன வருஷம் ஒரு பையன் கொண்டாந்தான், வயர புடுங்கி என் காடியில போட்டுட்டேன். சோறு வேணுங்கறவங்களுக்கு வேணுங்கற அளவு, திரும்ப வந்து கேட்டா திரும்ப. அதனால வீணாகுறது கொறைவு, இல்லவே இல்லன்னு சொல்ல மாட்டேன்.

வெள்ளிக்கிழமை 30ஆம் தேதி ராத்திரி 9 மணிக்கு வெங்காயம், பூண்டு. சனிக்கிழமை விடியக்காலையில நீங்க மாமியாரோட டவுன்ல தேரப் பாருங்க, அங்க இருந்து மத்தியானத்துக்குள்ள இங்க வந்துட்டா பந்தல் கட்டுற ஆளுங்களுக்கு சாப்பாடு குடுக்கிற வேலை இருக்கு, தேர் எங்களத் தாண்டிப் போறப்ப ராத்திரி ஆயிடும், மாமியாருக்கு ரெண்டாவது தடவையும் தரிசனம். புள்ளைங்க கப்பு அடுக்கலாம், 6 வயசுக்கு அது சரியான வேலை. கத்தி உங்க வீட்டுதக் கொண்டாங்க, பந்தல் கத்தி எல்லாம் மொக்கை. தனிச்செய்தி போடுறேன்.

ஸ்கூல்ல கோத்தோங் ரோயோங்னு, அதான் எல்லாரும் கூடி வேலை செய்யிறதுக்கு, கடிதாசி வந்தாலும் பணம் மட்டும் குடுத்துட்டு ஒதுங்கிடாதீங்க, தொடப்பத்த எடுத்துட்டுப் போங்க. பொங்கலுக்குப் பானை தூக்குற ஆளு எப்பவும் கொறைவுதான். அக்டோபர் வாக்குல நவராத்திரி, குயின் ஸ்ட்ரீட் கோயில்ல விஜயதசமி அன்னிக்கு அம்மன் ரதம் லிட்டில் இந்தியா சுத்தி வரும், அதுக்குள்ள நீங்களே யாருக்காவது வழி சொல்லிட்டு இருப்பீங்க.

சொன்னா_கோவம்_வரும்:
அக்கா, ஸ்பீக்கர் இல்லாத பந்தலா? நானும் வரேன். வெங்காயம் வேணாம், கண்ணு எரியும், மூட்டை தூக்குறேன்.

பந்தல்_அக்கா:
மூட்டை தூக்க ஆள் இருக்கு. வெங்காயம்தான்.

கடலோரம்_பஹாங்:
😂😂 மாட்டினான்

சிரம்பான்_மருமக:
பிப்ரவரி 3. லேட்டா எழுதுறேன், மன்னிக்கணும், நேத்து பூரா தூக்கம். வெள்ளிக்கிழமை ராத்திரி போனேன், முதல் ஒரு மணி நேரம் யாரும் ஒண்ணும் பேசல, அப்புறம் பக்கத்துல இருந்த ஆன்ட்டி என் கையப் பாத்துட்டு வேரோட நறுக்காத கண்ணு, கடைசியா வெட்டுன்னு சொன்னாங்க, அதுல இருந்து பேச்சு நிக்கல. அந்த ஆன்ட்டி யாருன்னு நெனைக்கிறீங்க, எங்க பிளாக்லயே 9வது மாடி. ஆறு மாசமா ஒரே லிப்ட்ல போயிட்டு வந்திருக்கோம்.

கோவக்கார தம்பி 3 மூட்டை உரிச்சிட்டு பூண்டுக்கும் உக்காந்தாரு, சாட்சி நான்.

மாமியார் காலையில பினாங்கு ஸ்ட்ரீட் அஞ்சடியில நாக்காலி போட்டு தேரப் பாத்தாங்க. கடைத்தெரு அண்ணே சொன்ன மயிலிறகுக் காவடி வந்தப்ப எழுந்து நின்னுட்டாங்க, முட்டி ஞாபகமே இல்ல. ராத்திரி பந்தல்ல மறுபடி பாத்துட்டு, காலையில பாத்த முருகன் கொஞ்சம் சோர்ந்துட்டாருப்பான்னாங்க. சின்னவன் 400 கப்பு அடுக்கினேன்னு ஸ்கூல்ல சொல்லிட்டு இருக்கான், 40 இருக்கும்.

கடலோரம் தம்பி, மாசி மகத்துக்கு 9வது மாடி ஆன்ட்டியும் வராங்க, அவங்க தங்கச்சியும் வராங்களாம், மொத்தம் 7 பேரு. டவுனுக்குள்ள போகாம பாயான் பாருவுல இருந்தே தெலுக் பஹாங்குக்கு நேரா பஸ் உண்டா?

கடலோரம்_பஹாங்:
ஏர்போர்ட்ல இருந்து கிளம்புற 102 தெலுக் பஹாங் வரைக்கும் வரும் அக்கா, ஆனா சுத்து வழி, நேரம் ஜாஸ்தி. பாய் ரெண்டு எடுத்துட்டு வாங்க, இருட்டுறதுக்கு முன்னாடி வந்தா இடம் புடிச்சு வைக்கிறேன்.